செமித்திய வினைவேர் ஒன்றைத் தடம்பிடிப்பது எப்படி

எபிரேயத்தில் நாஸ’ர் என்றால் ‘காத்தான்’. அரபியில் நஸ’ர என்றால் ‘உதவினான், வெற்றி தந்தான்’. மூன்று மெய்களும் அச்சு அசலாக ஒன்று, பொருளும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் இவை இனச்சொற்கள் (ஒரே மூலச் சொல்லிலிருந்து பிறந்தவை) அல்ல. எபிரேய நாஸ’ருக்கு அரபியில் உள்ள உண்மையான உறவு நழர, அதாவது ‘பார்த்தான்’. ஒலியிலும் பொருளிலும் தள்ளி நிற்கும் இந்தச் சொல் ஏன் உறவு, ஒட்டி நிற்கும் அந்தச் சொல் ஏன் உறவில்லை என்பதைக் காட்டத் தெரிந்துவிட்டால் வேர் தேடும் முறை கைவந்துவிட்டது என்று பொருள். ஆகவே இந்த ஒரு வேரையே, அதாவது சொல்லின் பொருளைச் சுமக்கும் இந்த மூன்று மெய்களையே, முழுக்கப் பிடித்துப் போவோம்.

முதலில் எழுத்து. வழக்கமான தமிழ் எழுத்துப்பெயர்ப்பை வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்க முடியாது. ரமளான், ளுஹர் இரண்டுக்கும் நாம் ள எழுதுகிறோம். அரபியில் முன்னது ளாத் என்ற எழுத்து, பின்னது ழா என்ற வேறு எழுத்து. இந்த வேறுபாட்டைத் தொலைத்தால் முடிவும் தொலைந்துவிடும். இங்கே ளாத்துக்கு ள, ழாவுக்கு ழ. பல்லிடுக்கில் நாக்கு நுனியை வைத்துச் சொல்லும் ஒலிப்பில்லா ஒலி ஃத, அதன் ஒலிப்புள்ள இணை ஃத³. பழைய அச்சு வழக்கைப் போல ப³, த³ இரண்டும் ஒலிப்புள்ளவை. எழுத்துக்குப் பின் வரும் ’ குறி அழுத்த ஒலியைக் காட்டும்: த’, ஸ’, க’, ஃத’. ஃஜ என்பது ஸ-வின் ஒலிப்புள்ள இணை. தொண்டை ஒலியை ஐன் என்று பெயராலேயே எழுதுகிறேன். சொல்லுக்கு முன் உடுக்குறி (*) இருந்தால் அது எங்கும் எழுதிக் கிடைத்ததல்ல, மீட்டுருவாக்கியது. அந்தக் குறியை ஒரு இடத்தில் விட்டாலும் படிப்பவர் அதைக் கல்வெட்டுச் சொல் என்று எடுத்துக்கொள்வார்.

அடுத்து, செமித்திய மொழிகளின் குடும்ப அமைப்பு. கிழக்குக் கிளையில் அக்காடியம், அதாவது பழைய பாபிலோன், அசிரியா நாடுகளின் மொழி. மற்றவை எல்லாம் மேற்குக் கிளை: உகாரித்தியம், எபிரேயம், பினீசியம், அரமேயம், அரபி, பழைய தென் அரேபியக் கல்வெட்டு மொழிகள், எத்தியோப்பியாவின் கீஸ், இன்றும் பேசப்படும் மெஹ்ரி முதலான நவீன தென் அரேபிய மொழிகள். ஒரு வேரை மூலச் செமித்தியத்துக்கு (இவை எல்லாவற்றுக்கும் தாய்மொழி) உரியது என்று சொல்ல வேண்டுமானால் அக்காடியத்திலும் மேற்கில் ஏதேனும் ஒன்றிலும் அது கிடைக்க வேண்டும். எபிரேயத்திலும் அரமேயத்திலும் மட்டும் கிடைத்தால் அது வடமேற்குச் செமித்திய (உகாரித்தியம், எபிரேயம், பினீசியம், அரமேயம் சேர்ந்த உட்கிளை) வேர், அவ்வளவுதான். பத்து மொழிகளில் கிடைத்தாலும் பத்தும் ஒரே கிளை என்றால் சாட்சி ஒன்றுதான்.

இனி ஒலி இணைகள். மூலச் செமித்தியத்துக்கு 29 மெய்களை மீட்டுருவாக்கியிருக்கிறார்கள். பெரும்பாலானவை எல்லா மொழிகளிலும் ஏறக்குறைய அப்படியே நிற்பதால் துப்பு எதுவும் தருவதில்லை. துப்பு தருபவை மொழிக்கு மொழி மாறும் சில மெய்கள்தான். இவற்றை மனப்பாடம் செய்துவிடுங்கள்:

*ஃத: அக்காடியம் ஷ, எபிரேயம் ஷ, அரமேயம் த, அரபி ஃத, கீஸ் ஸ.
*ஃத³: அக்காடியம் ஃஜ, எபிரேயம் ஃஜ, அரமேயம் த³, அரபி ஃத³, கீஸ் ஃஜ.
*ஃத’: அக்காடியம் ஸ’, எபிரேயம் ஸ’, அரமேயம் த’, அரபி ழ, கீஸ் ஸ’.
*ள’: அக்காடியம் ஸ’, எபிரேயம் ஸ’, அரமேயம் ஐன், அரபி ள, கீஸில் இதற்கென்றே ஒரு தனி எழுத்து.
*ஸ’: எல்லாவற்றிலும் ஸ’.

‘பத்து’க்குக் கன்னடத்தில் ‘ஹத்து’, ‘பால்’ என்பதற்கு ‘ஹாலு’, ‘புலி’க்கு ‘ஹுலி’ என்று வருவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஓர் ஒலி ஒழுங்காக மாறியிருந்தால், மாறாமல் ஒத்துப்போவதைவிட அது பலமான சாட்சி.

பட்டியலைக் குறுக்காகப் படித்தால் இன்னொன்று தெரியும். எபிரேய ஸ’ ஒன்றுக்குப் பின்னால் மூன்று வேறு மூல ஒலிகள் இருக்கலாம். அக்காடியத்திலும் அப்படியே. ஆகவே இந்த இரண்டையும் மட்டும் வைத்து மேல்நோக்கி ஏற முடியாது. அரமேயம்தான் பிரித்துக் கொடுக்கும்: எபிரேயம் ஸ’ காட்டும் இடத்தில் அரமேயமும் ஸ’ காட்டினால் *ஸ’, த’ காட்டினால் *ஃத’, ஐன் காட்டினால் *ள’. ‘பூமி’ என்ற சொல் மூன்றாவதற்கு நல்ல எடுத்துக்காட்டு: எபிரேயம் எரெஸ்’, அரபி அர்ள், அரமேயத்தில் ஸ’ இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஐன்.

இப்போது நம் வேர். எபிரேயம் நாஸ’ர் ‘காத்தான்’. அக்காடியம் நஸா’ரு ‘காத்தல்’. அரமேயம் ந்த’ர் ‘காத்தான்’. தானியேல் 7:28-இல் ‘அந்தக் காரியத்தை என் மனதில் வைத்துக்கொண்டேன்’ என்னும் இடத்தில் வரும் வினை இதுதான். எபிரேய ஸ’, அரமேய த’. ஆகவே நடு மெய் *ஃத’. வேர் *ந-ஃத’-ர.

இந்த இடத்தில் அகராதியைத் திறக்க அவசரப்படாதீர்கள். அரபியில் என்ன கிடைக்க வேண்டும் என்பதை முதலில் தாளில் எழுதுங்கள்: ந-ழ-ர. கீஸில் ந-ஸ’-ர. எழுதிய பிறகு தேடுங்கள். இந்த வரிசையை மாற்றினால், கண்ணில் முதலில் பட்ட ஒத்த சொல்லுக்கு ஏற்ப விதியை வளைக்கத் தொடங்கிவிடுவோம். அரபி நஸ’ர ‘உதவினான்’ கண்ணில் பட்டதும் ‘இதுதான்’ என்று நிறுத்திவிடுபவர்கள் எல்லாம் இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள். அரமேய த’ அந்த வழியை அடைத்துவிட்டது. தேடினால் அரபியில் நழர ‘பார்த்தான்’, கீஸில் நஸ்ஸ’ர ‘பார்த்தான்’ என்று எழுதி வைத்தபடியே கிடைக்கின்றன. கீஸ் வடிவத்தில் நடு மெய் இரட்டித்திருப்பது வினைவகை வேறுபாடு, வேர் வேறுபாடு அல்ல.

அகராதியில் தேடுவதிலேயே பாதிப் பேர் தவறுகிறார்கள். அரபி, எபிரேயம், கீஸ் வினைகளைப் படர்க்கை ஆண்பால் ஒருமை இறந்தகாலத்தில் சொல்வது வழக்கம். அக்காடிய வினையைத் தொழிற்பெயராகச் சொல்வார்கள், அகராதியில் வேரின் வரிசையில் அல்லாமல் அந்தத் தொழிற்பெயரின் அகரவரிசையில் அடுக்கியிருப்பார்கள். வ-ல-த³ ‘பெறுதல்’ என்ற வேரை 1921-இல் தொடங்கிய சிகாகோ அசிரிய அகராதியில் வ-வில் தேடினால் ஏமாற்றமே. முன்னெழுத்து தேய்ந்து அலாது³ ஆகிவிட்டதால் அது அ தொகுதியில் இருக்கிறது. அந்த அகராதியின் தொகுதிகளை இணையத்திலேயே இலவசமாகப் பெறலாம். அரபிக்கு எட்வர்ட் லேனின் அகராதி பலருக்கும் முதல் துணை. ஆனால் அவர் 1876-இல் காஃப் (க’) எழுத்தில் இருந்தபோது இறந்துவிட்டார். அதற்குப் பிந்திய எழுத்துகள் அவர் விட்டுச்சென்ற குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டவை, அதனால் மெலிந்தவை. நம் வேர் நூன் (ந) எழுத்தில் தொடங்குவதால் அந்த மெலிந்த பகுதியில் விழுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் லிசானுல் அரபு என்ற பழைய அரபி அகராதிதான் கைகொடுக்கும். அதன் மூல அடுக்கு வேரின் கடைசி மெய்யை வைத்து அமைந்தது, ஆகவே ந-ழ-ர அங்கே ரா அதிகாரத்தில் இருக்கும். அதைத் தொகுத்தவரின் பெயர் இப்னு மன்ழூர். நாம் தேடும் வேர் அவர் பெயரிலேயே இருக்கிறது.

சொற்கள் கிடைத்தபின் வடிவங்களை ஒப்பிடுங்கள். இங்கே விதி ஒன்றே: ஒரே வகை வடிவத்தோடு ஒரே வகை வடிவம். அரபி நழர, எபிரேய நாஸ’ர் ஆகியவற்றின் ‘-த்தான்’ வடிவம் மேற்குக் கிளையில் வளர்ந்தது. அக்காடியத்தில் இறந்தகாலத்தைக் காட்டுவது முன்னொட்டு வடிவம்: இஸ்ஸு’ர் ‘காத்தான்’. அரபியில் இதற்கு நேர் இணை, ‘லம்’ என்ற எதிர்மறைக்குப் பின் வரும் குறுகிய வடிவம்: லம் யன்ழுர் ‘அவன் பார்க்கவில்லை’. எதிர்கால வடிவம் போலத் தோன்றுவது இறந்தகாலப் பொருள் தருவதற்குக் காரணம் இந்தப் பழமைதான். எபிரேயத்தில் யிஸ்ஸோ’ர். எபிரேய ஓ இங்கே பழைய உகரத்திலிருந்து வந்தது. மூன்றிலும் இரண்டாம் மூன்றாம் மெய்களுக்கு நடுவே உகரம். ஆக வேர் மட்டுமல்ல, *யன்ஃது’ர் என்ற முழு வடிவத்தையே மீட்க முடிகிறது. மூன்று மெய்கள் ஒத்துப்போவது சில வேளை தற்செயலாகவும் நடக்கும். வினையின் உயிரும் சேர்ந்து ஒத்துப்போவது அவ்வளவு எளிதில் நடக்காது. அதனால்தான் அகராதித் தலைச்சொல்லோடு நிறுத்தாமல் முன்னொட்டு வடிவத்தையும் எடுத்து எழுதச் சொல்கிறேன்.

இஸ்ஸு’ர், யிஸ்ஸோ’ர் இரண்டிலும் நகரம் எங்கே? அடுத்த மெய்யோடு கரைந்து அதை இரட்டிக்க வைத்துவிட்டது. நகரத்தில் தொடங்கும் வேர்களுக்கு அக்காடியத்திலும் எபிரேயத்திலும் அரமேயத்திலும் இதுவே நிலை. அரபி நகரத்தைக் காட்டுகிறது. ஏவல் வடிவத்தில் அக்காடியம் நகரத்தை முழுக்க விட்டுவிடும்: உஸு’ர் ‘காப்பாற்று’. இந்தச் சொல்லைத் தமிழ் விவிலியம் படித்தவர்கள் அறியாமலே அறிவார்கள். நேபுகாத்நேச்சார் என்ற பெயரின் அக்காடிய வடிவம் நபூ-குது³ர்ரீ-உஸு’ர், ‘நபூ தெய்வமே, என் வாரிசைக் காப்பாற்று’. பெயரின் கடைசித் துண்டு நம் வினை.

உகாரித்தியத்துக்கு வந்தால் ஒரு தடை. அங்கே *ஃத’ ஒலிக்குத் தனி எழுத்து உண்டு. ஆனால் ‘காத்தல்’ வினை அந்த எழுத்தோடு வராமல், அரபி கைன் (தொண்டையருகே உரசி எழும் ஒலி, ஐன் அல்ல) போன்ற எழுத்தோடு வருகிறது. உகாரித்துக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் வாழ்த்து ‘தெய்வங்கள் உன்னைக் காக்கட்டும், நலமாக வைக்கட்டும்’. அதில் ‘காக்கட்டும்’ என்ற சொல்லின் மெய்கள் த-கைன்-ர-க. இங்கும் நகரம் கரைந்துபோயிருக்கிறது. இதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டுப் போகலாமா? கூடாது. விதிவிலக்கு என்று சொல்வதற்கு முன் அதே விலகல் வேறு சொல்லில் உண்டா என்று பாருங்கள். உண்டு. எபிரேயம் ஸூ’ர் ‘பாறை’, அரமேயம் தூ’ர் ‘மலை’, உகாரித்தியத்தில் ‘மலை’ கைன்-ர. இங்கும் *ஃத’ கைன் ஆகியிருக்கிறது. ஆக இது உகாரித்தியம் சில சொற்களில் தனக்கென்று செய்துகொண்ட மாற்றம். இரண்டாவது சொல் கிடைக்காமல் போயிருந்தால் உகாரித்திய வடிவத்தைக் கேள்விக்குறியோடுதான் எழுத வேண்டும்.

அரமேயத்திலும் காலத்தைப் பார்க்க வேண்டும். பினீசியரிடமிருந்து 22 எழுத்துகளைக் கடன் வாங்கியபோது அரமேயத்தில் பல்லிடை ஒலிகள் இன்னும் உயிரோடு இருந்தன, அவற்றுக்கு எழுத்துதான் இல்லை. ஆகவே கிட்டத்தட்டப் பொருந்தும் எழுத்தால் எழுதினார்கள். கி.மு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நேராப் அரமேயக் கல்வெட்டில் ‘இந்தச் சிலையை நீ காத்தால்’ என்பதில் வரும் வினையில் ஸ’ இருக்கிறது, த’ இல்லை. பின்னாளில் ஒலி த’ ஆனபோது எழுத்தும் மாறியது. எரேமியா புத்தகத்தில் அரமேயத்தில் உள்ள ஒரே ஒரு வசனம் 10:11. அதற்குள்ளேயே ‘பூமி’ ஒரு முறை பழைய காஃப் (க’) எழுத்தோடும் ஒரு முறை ஐன் எழுத்தோடும் வருகிறது. எனவே ‘அரமேயம்’ என்று மட்டும் குறிப்பெடுக்காமல் எந்தக் காலத்து அரமேயம் என்றும் எழுதுங்கள். இல்லாவிட்டால் மேலே சொன்ன ஸ’/த’/ஐன் சோதனை தலைகீழாகப் போய்விடும்.

இப்போது கடன்சொற்கள். அரபியில் நாதூ’ர் என்றால் தோட்டக் காவலன். ‘காவல்’ பொருள், ந-த’-ர மெய்கள். நம் வேரேதான், ஆனால் அரபி விதிப்படி த’ வரக்கூடாது, ழ வர வேண்டும். ஒரு மொழியில் ஒரு வேர் இரண்டு உருவில் வந்து, ஒன்று அந்த மொழியின் விதிக்கும் மற்றொன்று அண்டை மொழியின் விதிக்கும் பொருந்தினால் பின்னது கடன். நழர அரபியின் சொந்தச் சொத்து, நாதூ’ர் அரமேயத்திலிருந்து வந்தது. எபிரேயத்திலும் இதே நிலை: உன்னதப்பாட்டு 1:6-இல் திராட்சைத் தோட்டம் காப்பவள் என்பதற்கு வரும் வினை நாத’ர், அது அரமேயச் சாயல். நாஸ’ர்தான் எபிரேயத்துக்குச் சொந்தம். (லேவியராகமம் 19:18-இல் ‘வன்மம் வைத்திருத்தல்’ என்ற பொருளிலும் நாத’ர் வரும். அதைத் தனி வேராகக் கொள்பவர்களும் உண்டு, ஆகவே அதைச் சாட்சியாகச் சேர்க்க வேண்டாம்.)

இந்த இரட்டை வடிவச் சோதனைக்கு இன்னும் பளிச்சென்ற எடுத்துக்காட்டு *ஃத-வ-ப³ ‘திரும்புதல்’. எபிரேயம் ஷூப்³, அரமேயம் தூப்³, அரபி ஃதாப³. அரபி ஃதவாப்³ ‘நற்பலன்’ என்பது ‘திரும்பி வருவது’ என்ற பொருளிலிருந்து கிளைத்தது. அதே அரபியில் தாப³ ‘பாவத்திலிருந்து மனம் திரும்பினான்’ என்றும் இருக்கிறது. ஃத வர வேண்டிய இடத்தில் த, பொருளும் சமயத்துக்குள் சுருங்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து அரமேயத்தைச் சுட்டுகின்றன. சமயம், வேளாண்மை, எழுத்து, நிர்வாகம் ஆகிய துறைச் சொற்களைத் தொடும்போது இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். கடன்சொல்லை இனச்சொல்லாக எண்ணிக்கொண்டால் ஒலி விதியே கெட்டுப்போனதாகத் தெரியும், பிறகு இல்லாத விதிவிலக்குகளை உருவாக்க வேண்டி வரும்.

பொருளை எப்போதும் ஒலிக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். நம் வேரில் அக்காடியம், உகாரித்தியம், எபிரேயம், அரமேயம் ‘காத்தல்’ என்கின்றன. அரபியும் கீஸும் ‘பார்த்தல்’ என்கின்றன. அரபியில் இன்தழர என்றால் ‘காத்திருந்தான்’. இவை மூன்றும் எப்படி ஒன்றாகும் என்று தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘பிள்ளையைப் பார்த்துக்கொள்’ என்றால் காவல், ‘வழி பார்த்திருந்தாள்’ என்றால் காத்திருத்தல், ‘கண்காணி’யில் கண்ணும் காவலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் இதை இப்படி எழுதுங்கள்: ‘பொருள் நகர்வு நடக்கக்கூடியது, வேறு மொழியில் இணை உண்டு’. நடந்தது என்பதற்கு ஆதாரம் ஒலியும் வடிவமும்தான், தமிழ் இணை அல்ல. மூலப் பொருளைக் குறிக்கும்போது எல்லாக் கிளைகளையும் தாங்கும் அகலமான சொல்லை வையுங்கள்: ‘கண்வைத்துக் காத்தல்’.

எல்லா வேரும் இப்படிப் பளிச்சென்று வராது. அடிக்கடி இடறும் இடங்கள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். வடமேற்கு மொழிகளில் சொல் முதல் வகரம் யகரமாகும்: அரபி வலத³, எபிரேயம் யாலத்³. எபிரேயத்துக்குள்ளேயே வகரத்தின் தடத்தைப் பிடிக்கலாம். பிறவினை ஹோலீத்³ ‘பெறுவித்தான்’ என்பதில் உள்ள ஓ பழைய அவ் சேர்ந்தது. எனவே யகர முதல் வேர் கிடைத்தால் பிறவினையைப் பாருங்கள்.

அக்காடியம் தொண்டை ஒலிகளில் பலவற்றை இழந்தது, ஆனால் சிலவற்றுக்கு அடையாளமாகப் பக்கத்து அகரத்தை எகரமாக்கிவிட்டுச் சென்றது. அரபி ஸமிஐன ‘கேட்டான்’, எபிரேயம் ஷாமஐன், அக்காடியம் ஷெமூ. அந்த எகரமே தொலைந்த ஐனின் சாட்சி. இந்த ‘கேட்டல்’ வேரின் முதல் மெய்யையும் கவனியுங்கள்: எபிரேயத்தில் ஷ, அரபியில் ஸ. ‘திரும்புதல்’ வேரில் எபிரேய ஷ-வுக்கு அரபியில் ஃத. எபிரேய ஷ ஒன்றே, மூலம் இரண்டு. அறிஞர்கள் இந்த ஸகரக் குடும்பத்தை ஸ₁, ஸ₂, ஸ₃ என்று எண்ணிட்டு எழுதுவார்கள். அரபி ஸ₁, ஸ₃ இரண்டையும் கலந்துவிட்டது. 29-இல் அரபி இழந்த ஒன்று இதுதான். ஆகவே அரபி ஸ கிடைத்தால் எபிரேயத்தில் ஷின் (ஷ) வருகிறதா ஸாமெக் (ஸ) வருகிறதா என்று பாராமல் எழுதாதீர்கள். ஷின் என்றால் ஸ₁, ஸாமெக் என்றால் ஸ₃: அரபி அஸர ‘சிறைபிடித்தான்’, எபிரேயம் ஆஸர் ‘கட்டினான்’ என்பதில் ஸாமெக், ஆகவே *ஸ₃.

அக்காடியம் ஒரே வேரில் இரண்டு அழுத்த ஒலிகளைத் தாங்காது, ஒன்றைச் சாதாரணமாக்கிவிடும். 1945-இல் இதை விளக்கிய கியர்ஸின் பெயரால் கியர்ஸ் விதி என்கிறார்கள். அக்காடியம் ஸ’பா³து ‘பிடித்தல்’, அரபி ளப³த’ ‘இறுகப் பிடித்தான்’. கடைசி மெய் பொருந்தவில்லையே என்று தள்ளிவிடாதீர்கள், இந்த விதி அதைத் தீர்த்துவிடும். ஆனால் ‘கொடுத்தல்’ போன்ற வினைகளைத் தொடக்கத்திலேயே தொட வேண்டாம். அக்காடியம் நதா³னு, எபிரேயம் நாதன், பினீசியமும் உகாரித்தியமும் ய-த-ன. உறவு இருப்பது தெளிவு, ஆனால் ஒலி விதிகளால் மட்டும் இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பெற முடியாது. அன்றாடம் அதிகம் புழங்கும் சிறு வினைகள் ஒப்புமையால் உருமாறுவது சகஜம்.

பயிற்சிக்கு *ஃத-ப³-ர ‘உடைத்தல்’ சரியான வேர். தொண்டை ஒலி இல்லை, வகர யகரங்கள் இல்லை, துப்பு தரும் மெய் ஒன்று உண்டு. எபிரேயம் ஷாப³ர் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எழுதிப் பாருங்கள். முதல் மெய் *ஸ₁ என்றால் அரமேயத்தில் ஷ, *ஃத என்றால் த. அரமேயம் த்ப³ர் என்கிறது, ஆகவே *ஃத. அப்படியானால் அக்காடியத்தில் ஷ: ஷெபே³ரு. கீஸில் ஸ: ஸப³ர. உகாரித்தியத்தில் ஃத-ப³-ர. அரபிக்கு ஃத-ப³-ர என்று எழுதிவிட்டு ‘உடைத்தான்’ என்ற பொருளில் தேடினால் கிடைக்காது, அந்தப் பொருளைக் கஸர என்ற வேறு வினை எடுத்துக்கொண்டுவிட்டது. பொருளால் தேடாமல் ஃதா எழுத்தில் மெய்களால் தேடுங்கள். ஃதுபூ³ர் ‘அழிவு’ என்று குர்ஆன் 25:13-இல் நிற்கிறது.